பெயரை மறைத்த கறுப்பு டேப்

நான் வைத்திருக்கும் கமராவின் கம்பனியைத் தவிர மற்றக் கம்பனிக் கமராவெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று சொல்லித் திரிந்தவன் நான். அன்று காலை திருகோணமலைத் துறைமுகத்தைப் படமெடுக்கப் போயிருந்தேன். லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் மாட்டி, ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைத்தால் அலையெல்லாம் மறைந்து கடல் படத்தில் வழவழவென்று விழும்.

பக்கத்தில், மூதூரிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு பெண்ணும் அதையே செய்துகொண்டிருந்தார். அவருடைய கமராவில் கம்பனிப் பெயருக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஷட்டர் மூடும்வரை எனக்கு வேறு வேலையில்லை. எதிர்க் கம்பனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் என் படங்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஊதாக் கறை. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. அவரிடம் காட்டினேன்.

"வெயில் உங்கட முதுகுப் பக்கம் நிக்குது," என்றார். "நீங்கள் கண் வச்சுப் பாக்கிற ஓட்டையால வெளிச்சம் உள்ளுக்குப் போகுது. அதை மூடாமல் எடுக்க ஏலாது."

மூட என்னிடம் ஒன்றுமில்லை. அவர் தன் கமராப் பெயரின் மேலிருந்த டேப்பை உரித்து, என் கமராவின் ஓட்டையில் ஒட்டினார். அவருடைய கமராவில் டேப்புக்கு அடியிலிருந்த பெயரை அப்போதுதான் பார்த்தேன். காலையிலிருந்து நான் திட்டிய அதே கம்பனி.

"இப்ப எடுத்துப் பாருங்கோ," என்றார். அவ்வளவுதான்.

மறுபடி ஷட்டரைத் திறந்து, இரண்டு நிமிடமும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். படம் சுத்தமாக விழுந்தது.

இப்போது என் கமராவின் பெயருக்கு மேலும் கறுப்பு டேப் இருக்கிறது. அடக்கம் என்று நினைக்க வேண்டாம். யாருக்காவது தேவைப்பட்டால் உரித்துக் கொடுக்கலாம்.