கண்ணாடிக்குப் பின்னால் பவளப்பாறை

திருப்பதியிலிருந்து திரும்பும் வழியில், புத்தூர் தாண்டி ஒரு டிபன் கடையில் பஸ் நிற்கிறது. கல்லாவை ஒட்டி ஒரு மீன் தொட்டி. உள்ளே ஒரே ஒரு கடல் மீன். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பட்டைகள், முதுகிலிருந்து சாட்டை போல நீண்டு வளையும் துடுப்பு. லட்சத்தீவில் இதை ஜோடி ஜோடியாகப் பார்த்திருக்கிறேன். பவளப்பாறையில் வளரும் கடற்பஞ்சைக் கொத்தித் தின்றுகொண்டே திரியும். இங்கே வயிறு ஒட்டிப்போய் நிற்கிறது.

"இதுவும் ஜோடிதாங்க. எங்க ஊட்டுக்காரரு மெட்ராஸ்ல வாங்கினு வந்தாரு. ஒண்ணு பூட்ச்சு" என்கிறார் கடைக்கார அம்மா. "மீன் வித்தவங்க குடுத்த உப்பைத்தான் கரைச்சு ஊத்துறேன். இன்னா தீனி போட்டாலும் துன்ன மாட்டேன்னுது."

பக்கத்து மேசையில் மொட்டை போட்ட குடும்பம் ஒன்று லட்டைப் பிட்டு எல்லோருக்கும் கொடுக்கிறது. கடைக்கார அம்மாவுக்கும் ஒரு துண்டு வருகிறது. கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். நான் தடுப்பதற்குள் ஒரு பூந்தியை உதிர்த்துத் தொட்டிக்குள் போடுகிறார்.

"பெருமாள் பிரசாதம். துன்னு கண்ணு."

பூந்தி அடியில் போய்ப் படிகிறது. மீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கக் கண்ணாடிக்குப் போகிறது. அழகுக்காக அதன் வெளிப்புறம் ஒரு பவளப்பாறைப் படம் ஒட்டியிருக்கிறார்கள். மீன் அந்தப் படத்தைக் கொத்துகிறது. வாய் கண்ணாடியில் இடிக்கிறது. மறுபடியும் கொத்துகிறது.

"பாருங்க சார், துன்னுது!" அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

வெளியே பஸ் ஹார்ன் அடிக்கிறது.

"ஆமாம்மா" என்கிறேன்.