இன்னொரு தொடை

ஊர் நடுவே, அத்தனை பேர் காதிலும் விழும்படி ஒரு பெண் ‘தொடை’ என்று சொல்லி நான் முதலில் கேட்டது என் அத்தையிடம்தான். கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த காலம். திருவானைக்காவலில் எங்கள் தெருவுக்கு அடுத்த பள்ளிக்கூடத்தில் முகாம். ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் துணைக்குப் போயிருந்தேன்.

“இடது கையைக் காட்டுங்கம்மா” என்றார் நர்ஸ்.

“ரெண்டு கையும் வேண்டாங்க. மார்புல புத்துநோய் வந்து ரெண்டு பக்கமும் ஆபரேஷன் ஆயிருக்கு. அக்குள்ல இருந்த நெறிக்கட்டியும் எடுத்துட்டாங்க. கையில போட்டா வீங்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். தொடையில போடுங்க.”

வரிசையில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அது வயிற்று ஆபரேஷன் என்றுதான் அப்பா உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த உறவுக்காரர்களில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள்.

“இங்க மறைவு இல்லையேம்மா...”

“அந்த ரூம் கதவைச் சாத்துங்க. மறைவாயிடும்.”

பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. அத்தை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் வேறு வீட்டுப் பிள்ளைபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள்.

அன்று காய்ச்சல் வந்தது. அது தெருவில் எல்லோருக்கும் வந்ததுதான். ஆனால் சில நாளில் அத்தைக்குத் தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி தடித்தது. அம்மா அழுதாள். “வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே” என்று அப்பா கத்தினார். அத்தை தட்டைத் தள்ளி வைத்தாள். சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மறுநாள் தனியாக ஸ்கூட்டரில் பாலம் தாண்டி, தனக்கு ஆபரேஷன் செய்த தென்னூர் டாக்டரிடம் போனாள். திரும்பி வந்து முதல் வேலையாகத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “ஊசி போட்ட பக்கம் நெறி கட்டியிருக்கு, அவ்வளவுதான். வத்தலன்னா வரச் சொன்னாங்க.”

வற்றியது. அடுத்த ஊசிக்கு நாள் வந்தது.

“மறுபடியுமா?” என்றார் அப்பா.

“ஏண்ணே, இன்னொரு தொடை சும்மாத்தானே இருக்கு?”

இந்த முறை அத்தையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். நர்ஸ் கேட்காமலே கதவைச் சாத்தினார். ஊசி போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் அத்தையிடம் கேட்டார்: “உங்களுக்கு மட்டும் ஏங்க உள்ள வச்சுப் போட்டாங்க?”

அத்தை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் புடவைத் தலைப்பை இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து ஏதோ சொன்னார்.

“எவ்வளவு நாளா?” என்றாள் அத்தை.

“தீபாவளிலேருந்து. வீட்ல யார்கிட்டயும் சொல்லலைங்க.”

இருவரும் அந்த வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அத்தை சாவியை எடுத்தாள். என்னை நடந்து வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் என் இடத்தில் அவரை உட்காரவைத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் போய்விட்டாள்.

இருட்டிய பிறகுதான் வந்தாள். வாசலிலேயே மறித்துச் சண்டை போட்டேன்.

“உன்னைவிட அவங்களுக்கு அவசரம்டி” என்றாள்.

பாத்ரூம் அவசரம் என்றால் நம் வீட்டுக்கே கூட்டி வந்திருக்கலாமே என்று எனக்கு ஆறவே இல்லை.