மாமா இல்லாத பரலோகம்

கர்த்தருக்குள் உறங்கும் எங்கள் அக்கா அவர்களின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். இந்த நினைவு மலரில் ஆறுதலாக ஏதாவது எழுதச் சொன்னார்கள். என்னிடம் ஆறுதல் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா குண்டடம் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கிணறு வற்றியதும் எல்லோரும் திருப்பூர் வந்தோம். பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போன அக்கா, அங்கே டெய்லராக இருந்த மங்கலத்துக்காரரை விரும்பி மணந்தார். மாமா முருக பக்தர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவார். ஞாயிறுதோறும் அக்காவை வண்டியில் சபைக்குக் கூட்டிவந்து, ஆராதனை முடியும்வரை நெற்றி நிறையத் திருநீற்றோடு கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே கூப்பிட்டால், "இருக்கட்டும் மாப்ள, எங்க முருகன் கோவிச்சுக்குவாரு" என்று சிரிப்பார்.

அக்காவும் லேசுப்பட்டவரல்ல. ஓவர்டைம் முடிந்து மாமா வரும்வரை சோற்றைத் தொடமாட்டார். "பசிச்சாச் சாப்பிட வேண்டியதுதானே" என்று மாமா திட்டுவார். "நீங்க வராம எனக்கு எறங்காதுங்க" என்பார் அக்கா. பிள்ளை இல்லாத வீட்டில் தினமும் இந்தச் சண்டைதான்.

ஒருநாள் மாமா தையல் மிஷின்மேலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரி சேருமுன் உயிர் போய்விட்டது. அவர்கள் வழக்கப்படி எரித்து, சாம்பலைப் பவானியில் கரைத்தோம்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே கேள்வி. போதகரிடம் போய், "ஐயா, எங்கூட்டுக்காரரு அங்க இருப்பாருங்களா?" என்று கேட்டார். போதகர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். "இயேசுவ ஏத்துக்காமப் போயிட்டாரேம்மா. வேதத்துல இருக்கறதத்தானே நான் சொல்ல முடியும்" என்று தலைகுனிந்தார்.

இயேசுவோடு சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் மன்னிப்புப் பெற்ற கள்ளனை நான் நினைவூட்டினேன். "அவனுக்குக் கேக்க நேரமிருந்துச்சு தம்பி. இவருக்குத் தண்ணி கேக்கக்கூட நேரமில்லையே" என்றார். மரித்தவர்கள் ஒன்றும் அறியாமல் உறங்குகிறார்கள் என்ற வேதப்பகுதியைக் காட்டினேன். முகம் சற்றுத் தெளிந்தது. அப்புறம், "கடைசி நாள்ல எந்திரிக்கறப்ப?" என்றார். உயிர்த்தெழுந்தபின் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்று இயேசு சொன்ன இடத்தையும் அக்காவே தேடிப் படித்துவிட்டார். "அப்ப நான் அவருக்கு யாரு தம்பி?" என்று கதறி அழுதார். பாவி நான், வேதத்தை வாங்கி மூடி வைத்தேன்.

அக்கா படுக்கையில் விழுந்தபின் ஜெபிக்க வந்தவர்கள், "பரலோகம் போறீங்க, சந்தோசமா இருங்க" என்றார்கள். "அவரு இல்லாத எடத்துல நான் போயி என்னங்க பண்றது?" என்று கேட்டுக்கேட்டே அக்கா போய்ச் சேர்ந்தார். நிம்மதியாகப் போனார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

போதகருக்கும் சபையாருக்கும் நன்றி. மாமாவின் தம்பிக்கும் அவர் மனைவிக்கும் எந்தச் சொல்லால் நன்றி சொல்வேன்? குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, முகம் சுளிக்காமல் மலம் அள்ளியது அவர்கள்தான். பெட்டியைக் கல்லறைத் தோட்டம்வரை தோளில் சுமந்ததும் திருநீறு பூசிய அந்த மாமாவின் தம்பிதான். நான் படித்த வேதப்படி அவர்களுக்கும் அங்கே இடமில்லை. அதை ஒப்பவும் முடியவில்லை, வேதத்தைத் தள்ளவும் முடியவில்லை.

பரலோகத்தில் பெரிய விருந்து உண்டு என்கிறது வேதம். அக்காவையும் பந்தியில் உட்கார வைத்திருப்பார்கள். மாமா வராமல் அக்கா சாப்பிடமாட்டார்.