ஆட்டுக்கு வந்த அம்மா

ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துச் சம்பளம் வாங்கும் கால்நடை வைத்தியத் தொழில் என்னுடையது. வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

டிவி சத்தம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆடுகளுக்கு வாய்ப்புண் பரவுவதாகத் தகவல் வந்தது. ஒட்டிக்கொள்ளும் வைரஸ் நோய். பெரிய ஆடு தேறிவிடும். குட்டிதான் வாய் வலித்துப் பால் குடிக்க முடியாமல் பட்டினியில் போய்விடும். எத்தனை ஆட்டுக்கு வந்திருக்கிறது என்று பார்க்கப் போனால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஆடே கிடையாது என்று சாதித்தார்கள். நான் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்லி ஆடு வளர்ப்பதையே நிறுத்திவிடுவேனாம். கொழுந்து பறிக்கும் பவளம் அக்கா வீட்டில் டிவி அலறியது. அதையும் மீறி உள்ளே ஏதோ ஒன்று கத்தியது. அக்கா முகம் மாறாமல் சொன்னார்: "நாடகத்துல ஆடு வருதுங்க சார்."

மாரியம்மன் முந்திக்கொண்டாள்

மறுநாள் பவளம் அக்காவே ஆளனுப்பினார். குட்டி பால் குடிக்கவில்லையாம். ஓடினேன். வாசலில் வேப்பிலை. எங்கள் மலைக் குளிரில் வேம்பு வளராது. கீழேயிருந்து பஸ்ஸில் வரவழைத்தது. அதில் பாதியைத் தாய் ஆடு தின்று முடித்திருந்தது. குட்டியின் உதடெல்லாம் கொப்புளம். அம்மன் வந்திருப்பதாக முடிவுகட்டி, தாயையும் குட்டியையும் தனியே கட்டி, வேறு ஆடு அண்டாமல் வைத்திருந்தார்கள். நோய் பரவாமலிருக்க நான் கெஞ்சிக் கேட்க இருந்ததே அதைத்தான்! சந்தோஷத்தில் சப்பாத்தைக் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் கால் கழுவி உள்ளே போனேன். ஊசியை எடுத்ததும் அக்கா குறுக்கே நின்றார்: "ஊசி போட்டா அம்மா கோவிப்பாங்க. பால் குடுங்க, அதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

என் கட்டைவிரல்

ஊசியை வைத்துவிட்டுப் பால் போத்தலை எடுத்தேன். குட்டி அதன் ரப்பர் சூப்பியைத் துப்பியது. கையுறை விரலையும் துப்பியது. வெறும் விரலைப் பாலில் நனைத்து வைத்தால் மட்டும் சப்பியது. பிழைத்தால் போதும் என்று தினமும் போய் விரலாலேயே ஊட்டினேன். அடுத்த கிழமை குட்டி வாசலில் துள்ளியது. நான்தான் கட்டைவிரலில் கொப்புளத்தோடு நின்றேன். இந்த வைரஸ் மனிதன் கையிலும் ஏறும். அக்காவுக்குக் கண் கலங்கியது, உடனே சிரிப்பும் வந்தது. விரலில் மஞ்சள் பூசிவிட்டு, லயத்துக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்: "சாருக்கும் அம்மா வந்திருக்குங்க. இனி அவரு நம்ம ஆளு, ஆட்டைக் காட்டுங்க." ஒவ்வொரு கதவாகத் திறந்தது, ஒவ்வொரு கதவிலும் ஓர் ஆடு தலையை நீட்டியது.

நோய் கண்ட மொத்த எண்ணிக்கையில் என்னையும் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் எனக்கு இன்னும் முடிவாகவில்லை.