இடது பக்கக் கைகாட்டி

என் கணவருக்குக் குளுக்கோமா முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காசிக்குப் போக வேண்டும், பேத்தியைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. ஷெட்டில் நிற்கும் பழைய காரின் கைகாட்டி மஞ்சளாக எரிந்தபடி வெளியே நீட்டுவதைப் பார்க்க வேண்டுமாம்.

"பார்வை இருக்கறப்பவே ஒரு தடவை பாத்துடணும். அவ்வளவுதான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டு, அதையும் உறுதியாகச் சொல்லாமல் சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்திருந்தார். இந்த மனுஷருக்குக் கார் கவலை.

அந்தக் காலத்து இங்கிலாந்து கார்களில் இப்போது இருப்பதுபோல் மினுக்கும் இண்டிகேட்டர் கிடையாது. கதவுக்குப் பக்கத்துத் தூணுக்குள் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கை மடங்கிப் படுத்திருக்கும். சுவிட்சைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், அதை இழுக்கும், கை 'டக்'கென்று வெளியே நீட்டும். அதற்குள் ஒரு சின்ன பல்பு எரியும். இவர் சர்வீஸ் முழுவதும் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். தண்டவாளத்துக் கைகாட்டி மரங்களையெல்லாம் கழற்றி எடுத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. ரிட்டையரான பிறகு, திருவானைக்காவலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, ஓடாத இந்தக் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். என்ஜினைத் தொடவே இல்லை. கைகாட்டி வைத்த கார் வீட்டில் நிற்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

வலது பக்கக் கைகாட்டி எப்போதோ காணாமல் போயிருந்தது. இடது பக்கம் இருந்தது, காயில் எரிந்துபோய். அது எனக்குப் பெரிய காரியமில்லை. துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மோட்டார் வைண்டிங் செய்தவள் நான். கருகிய கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எண்ணினேன். பாதியில் எண்ணிக்கை தவறி, குத்துமதிப்பாகச் சுற்றினேன். சூடேறியது. பிரித்து மறுபடி சுற்றினேன். மூன்றாம் தடவை சரியாக இழுத்தது.

சிக்கல் பல்பை மூடும் மேல்மூடியில்தான். தேன் நிறத்தில், செல்லுலாய்டு என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் செய்த மூடி. முழுசாகத்தான் இருந்தது. ஆனால் திருகு போடும் இடத்தில் விரிசல் விட்டு அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. அதை அச்சாக வைத்துப் புதுசு ஒன்று வார்த்துவிட்டு, பழையதைப் பத்திரமாக எடுத்து வைப்பது என்று முடிவு செய்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பல் செட் செய்கிற ஒருவரைப் பிடித்தேன்.

"அம்மா, நான் பல்லுதாங்க பண்ணுவேன்" என்றார் அவர்.

"இதையும் ஒரு பல்லுன்னு நினைச்சுக்கங்க. கொஞ்சம் நீளமான பல்லு."

சிரித்துவிட்டு, ஆயுத பூஜை லீவு முடிந்ததும் கொண்டுவரச் சொன்னார்.

ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல், வைண்டிங் கருவி, குறடு எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து வாழையிலையில் அடுக்கினேன். புதுக் காயிலையும் வைத்தேன். அந்த மூடியையும் வைத்தேன். நல்லபடியாக அமைய வேண்டுமே என்றுதான் வைத்தேன். இவர் நாற்காலியில் இருந்தபடியே, "அந்த மூடியை இங்க குடேன், ஜன்னல் வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றார்.

"பூஜையில வச்சதை இன்னிக்கு எடுக்கக் கூடாதுங்க. தெரியாதா உங்களுக்கு?" என்று அதட்டினேன்.

நான் தட்டில் கற்பூரம் ஏற்றிக் காட்டினேன். கை கொஞ்சம் சரிந்தது. எரிந்துகொண்டிருந்த வில்லை ஒன்று வழுக்கி இலையில் விழுந்தது. செல்லுலாய்டே கற்பூரம் கலந்து செய்கிற பொருள்தான். எனக்கு அது தெரியும். வேலை பார்த்த இடத்தில் நெருப்புக்குப் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது என்று புதுசாகச் சேர்ந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மூடி சீறிப் பிடித்தது. தண்ணீர்ச் சொம்பை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இலையில் கருப்பாக ஒரு சுருள் கிடந்தது.

"என்ன நாத்தம்?" என்றார் இவர். பக்கவாட்டில் நடப்பது எதுவும் அப்போதே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். காயில் தயாராகத்தான் இருந்தது. ஒரு சொட்டுப் பசை வைத்து அந்தப் பழைய மூடியையே மாட்டி அன்று காலையில் காட்டியிருக்கலாம். ஒழுங்காகச் செய்ய வேண்டும், ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தள்ளிப் போட்டவள் நான்தான். இன்றைக்கும் என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.

பிறகு அச்சு இல்லாமலே ஆரம்பித்தோம். மூடி உட்காரும் இரும்புச் சட்டத்தை அளந்து, மெழுகில் மூடி மாதிரி செதுக்கி, பல் செட்காரரிடம் கொடுத்தேன். முதலில் வார்த்ததில் குமிழ் விழுந்தது. இவர் அதை ஜன்னலில் பிடித்து, "கேசரி கலர்ல இருக்கு" என்றார். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. இரண்டாவது, தேய்க்கும்போது கோணிக்கொண்டது. கார்த்திகையில் மூன்றாவது வந்தது. எனக்குத் திருப்தியான நிறம். இவர் வெகுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கருப்பா இருக்கே" என்றார். அது கருப்பாக இல்லை. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அது சட்டத்தில் உட்காராமல் உடைந்தும் போயிற்று.

அப்புறம் அவருக்கு வாசற்படி இடித்தது, டம்ளர் கவிழ்ந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார், ஆபரேஷனும் செய்தார். அதற்குப் பிறகும் அப்படியேதான் இருந்தது. தை பிறந்தபோது, நான் கொண்டுவந்த நாலாவது மூடியை அவர் ஜன்னலுக்கு எடுத்துப் போகவில்லை. கட்டை விரலால் ஓரத்தைத் தடவி, "இது நல்லா இருக்கு, பிசிறு இல்லை" என்றார். 'உங்களுக்கு எவ்வளவு தெரியுது?' என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பங்குனியில் ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். பேட்டரியை இணைத்தேன். அவரைக் கையைப் பிடித்து ஷெட்டுக்கு அழைத்து வந்து, கைகாட்டிக்கு நேராக இரண்டடி தள்ளி நிறுத்தினேன். உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் திருப்பினேன்.

'டக்'கென்று கை வெளியே நீட்டியது. நான் சுற்றிய காயில் முனகாமல் பிடித்துக்கொண்டது. ஷெட் நிழலில் மூடி முழுவதும் தேன் நிறமாக எரிந்தது. அந்த வெளிச்சம் அவர் பனியன் மேலும் லேசாக விழுந்திருந்தது. அவர் முகம் நேராக அதைப் பார்த்தபடிதான் இருந்தது.

"கை ஏறிடுச்சு. சத்தம் அப்படியே இருக்கு. நல்லா சுத்தியிருக்க" என்றார். கொஞ்சம் நின்று, "பல்பு இன்னும் போடலியா?" என்று கேட்டார்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது.

"இல்லைங்க. இன்னும் போடலை" என்றேன்.

"சரி, போட்டதும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, காரைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் போனார்.