விறகுப்புரையில் இரண்டு டப்பாக்கள்

இன்று ஆபீசில் புதிய துரை பைப்பைப் பற்றவைத்ததும், ஐம்பது வயதுக் குமாஸ்தாவான நான், "நானில்லை சார்" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தப் புகை என்னைக் கரமனை ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வீட்டு விறகுப்புரைக்குக் கொண்டுபோய்விட்டது; இப்போது அங்கே யாருடைய சுவரோ நிற்கிறது. கப்பலேறிச் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த சித்தப்பாவை, இனி ஆசாரத்தோடு இருப்பதானால் இருக்கலாம் என்று சொல்லித்தான் தாத்தா வீட்டில் சேர்த்திருந்தார். சித்தப்பாவோ சாயங்காலந்தோறும் ஈரவிறகுகளுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு லண்டன் புகையிலை டப்பாக்களைத் திறந்து, ஒன்றில் அத்திப்பழமும் வைக்கோலும் கலந்த தித்திப்பு, மற்றதில் ஹோமகுண்டம் அணைந்த மறுநாளின் கரிவாசனை என்று மாறிமாறிப் புகைத்துவிட்டு, "எதுடா உசத்தி?" என்று கேட்பார், நானும் மூக்கை நீட்டி, தினம் ஒரு கட்சி சேருவேன்.

ஒருநாள் நான் வெளியே வரும்போது எதிரே தாத்தா. "பசு கன்னு போட்டுடுத்தாடா?" என்றுதான் கேட்டார்.

"சித்தப்பா பைப்பு பிடிக்கலை தாத்தா" என்றேன்.

மறுநாள் காலை பெட்டியோடு படியிறங்கிய சித்தப்பா என் கன்னத்தைத் தட்டி, "நன்னாத்தான் காப்பாத்தினே, போ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டு போகிறவர் திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.