முணுமுணு அக்கா எழுதிய சீட்டு

பதினெட்டு வருடம் ஒரே வார்டில் வேலை பார்த்த அந்த நர்ஸை எல்லோரும் ‘முணுமுணு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுமுன் நோயாளியின் பெயர், மருந்து, அளவு மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். கிண்டல் செய்தாலும் அசரமாட்டார்.

அந்த வருடம் மருத்துவமனையில் தர மேம்பாட்டுக் குழு தொடங்கினார்கள். பொறுப்பேற்ற டாக்டரம்மா சில நாடுகளில் பயிற்சி பெற்றவர்.

“ஒரு நாட்டுல தினம் காலையில வார்டே பத்து நிமிஷம் கூடிப் பேசும். இன்னொண்ணுல வெளியாளுங்க வந்து சோதிப்பாங்க. ஆனா நான் பார்த்த நல்ல ஆஸ்பத்திரியில எல்லாம் தப்பை மறைக்காம எழுதுவாங்க. எழுதினவங்களைத் தண்டிக்க மாட்டாங்க” என்று சொல்லி, படிக்கட்டருகே சீட்டு எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார்.

மூன்று மாதத்தில் ஒரே ஒரு சீட்டு விழுந்தது. அதுவும் கேன்டீன் டீயைப் பற்றி.

ஒரு காலை வார்டில் இரண்டு பேர் லீவு. அக்கா மருந்து எடுக்கும்போது போன் அடித்தது. பேசிக்கொண்டே எடுத்தார். மெதுவாக வேலை செய்யும் இன்சுலினுக்குப் பதில், வேகமாக வேலை செய்வதை ஒரு தையல்காரருக்குப் போட்டுவிட்டார். குப்பியைத் திரும்ப வைக்கும்போதுதான் லேபிள் கண்ணில் பட்டது. உடனே டாக்டரைக் கூப்பிட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மதியம்வரை பக்கத்திலேயே நின்றார். வியர்த்துக் கொட்டிய தையல்காரர் மெல்லத் தெளிந்தார்.

“மருந்தை மாத்திப் போட்டுட்டேன்ய்யா. என் தப்புதான்.”

தையல்காரர் எழுந்து உட்கார்ந்தார். “நானும் மாப்பிள்ளை கோட்டை மாமனார் அளவுல தச்சவன்தாம்மா. ஆனா துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். பார்த்துப் போடுங்க.”

அந்த வார்த்தை அக்காவை அறுத்தது. நடந்ததை எழுதிப் பெட்டியில் போடப்போவதாக வீட்டில் சொன்னதும், பஸ் ஓட்டும் கணவர் பதறினார்.

“ஆளுதான் நல்லாயிட்டாரே, எதுக்கு எழுதணும்? நான் பஸ்ஸை இடிச்சுட்டு நானே போய்ச் சொன்னா பாராட்டு விழாவா நடத்துவாங்க?”

“நானே மாத்தி எடுக்கிறேன்னா, நாளைக்கு வேற யாராச்சும் எடுப்பாங்கங்க.”

மறுநாள் தன் பெயர் போட்டே எழுதினார்.

குழுக் கூட்டத்தில் சீட்டைப் பார்த்த தலைமை நர்ஸ் சீறினார். “இத்தனை வருஷம் சர்வீஸ் இருந்து இப்படியா?”

டாக்டரம்மா குறுக்கிட்டார். “யாருன்னு விடுங்க. எப்படி நடந்துச்சு, அதைப் பார்ப்போம்.”

எல்லோரும் எழுந்து போய் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். ஒரே தட்டில் இரண்டு இன்சுலினும், ஒரே அளவுக் குப்பிகளில், பக்கம் பக்கமாக. உள்ளே விளக்கு எரிந்து எவ்வளவு நாளாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமை நர்ஸே மெதுவான இன்சுலின் என்று ஒன்றை எடுத்தார், லேபிளை உற்றுப் பார்த்தார், அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தார்.

அன்றே இரண்டு இன்சுலினுக்கும் தனித்தனித் தட்டு வந்தது. மருந்தெடுக்கும்போது போன் எடுப்பதில்லை, இன்சுலின் என்றால் இரண்டாவது ஆள் லேபிளைப் படிக்க வேண்டும் என்று முடிவானது. அடுத்த மாதம் பெட்டியில் பதினோரு சீட்டுகள். ஒன்று தலைமை நர்ஸுடையது.

ஒருநாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரர் கையில் காகிதத்தோடு அக்காவிடம் வந்து தயங்கினார். “என் பேரைப் போடலாமாக்கா?”

“உட்காருப்பா,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் அக்கா. “முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”